யார் பின்னால் விதைத்தது

ஜூன் 3

மண்வெட்டிக்குப் பிடி போட ஆணி வேண்டியிருந்தது. ஆணி டப்பா தம்பி வீட்டில் இருக்கிறது. வரப்பைத் தாண்டினால் அவன் வீடு, கூப்பிட்டால் காது கேட்கும். ஆனாலும் என் வீட்டுக்காரர் டவுனுக்குப் போய்ப் புது ஆணி வாங்கி வந்தார். ஏன் என்று கேட்க என்ன இருக்கிறது? வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவள் நான்தானே.

போன வாரம் நடந்தது இது. அதிகாரிகள் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் போட்டார்கள். பெட்ரோலில் கலக்கிற எரிசாராயத்தின் அளவைக் கூட்டப் போகிறார்களாம். அதற்கு மக்காச்சோளம் வேண்டும். சாதாரணச் சோளம் இல்லை, ஆய்வுக்கூடத்தில் மரபணுவை மாற்றிச் செய்த புது ரகம். அந்த மணிக்குள்ளேயே ஒரு நொதி இருக்கிறது. தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் தன் மாவைத் தானே சர்க்கரையாகக் கரைத்துக்கொள்ளும். நொதியை வெளியே வாங்க வேண்டாம் என்பதால் எரிபொருள் ஆலைக்குக் கொள்ளை லாபம். அதனால் விதைக்கும் முன்பே விலை பேசி ஒப்பந்தம் போடுகிறார்கள்.

நான் சும்மா இருந்திருக்கலாம். எழுந்து நின்று, "தன் மாவைக் கரைக்கிறது பக்கத்து வயல் மாவைக் கரைக்காதா? மகரந்தத்துக்கு வரப்பு தெரியுமா?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். தட்டி முடித்த பிறகுதான் பார்த்தேன், இரண்டு வரிசை தள்ளித் தம்பி உட்கார்ந்திருந்தான். மடியில் ஆலையின் ஒப்பந்தம்.

சாயங்காலம் வாசலில் வந்து நின்றான். "பக்கத்து வயல்னா எந்த வயல் அக்கா? என் வயல்தானே? ஊர் முன்னாடி என்னை விஷம் வெக்கிறவனா ஆக்கிட்டியே."

நான் அப்போதாவது மன்னித்துக்கொள் என்று சொல்லியிருக்க வேண்டும். "தாயும் பிள்ளையுமானாலும் வாயும் வயிறும் வேறடா" என்றேன். அதோடு விட்டேனா? "நான்தான் முதல்ல விதைப்பேன், அப்புறம் எது நடந்தாலும் உன் தலையில" என்றும் சொன்னேன். அன்றோடு பேச்சு நின்றது.

ஜூன் 5

பயம். காரணம் எழுத உட்கார்ந்தால் நிறைய வருகிறது. இன்று வேண்டாம்.

ஜூன் 9

மாவு ஆலைக்குப் போய் வந்தோம். எங்கள் சோளம் பல வருடமாக அங்கேதான் போகிறது. பிஸ்கட்டுக்கும் பிள்ளைகள் சாப்பிடும் சத்துமாவுக்கும் அங்கே அரைக்கிறார்கள்.

வாசலில் புதிதாக ஒரு சின்ன அறை. அங்கே ஒரு சோதனைக்காரப் பெண். இரண்டு கண்ணாடி டம்ளரில் மாவைக் கொதிக்க வைத்துக் காட்டினாள். ஒன்று கெட்டியாக இருந்தது, டம்ளரைக் கவிழ்த்தாலும் விழவில்லை. இன்னொன்று தண்ணீராக ஓடியது. "இதுல எரிபொருள் சோளம் எவ்வளவு இருக்கு தெரியுமா?" என்று கேட்டாள். ஒரு மூட்டையில் ஒரு கைப்பிடி அளவாம்.

இனி ஒவ்வொரு லோடையும் சோதனை அட்டை வைத்துப் பார்ப்பார்களாம். ஒரு கோடு வந்தால் உள்ளே போகலாம். இரண்டு கோடு வந்தால் லாரி திரும்ப வேண்டியதுதான், நம் பெயரையும் அடித்துவிடுவார்கள்.

"இரண்டு கோடு வந்தா சந்தோஷப்படற இடம் வேற, இது வேற" என்றார் என் வீட்டுக்காரர். அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜூன் 12

விதிமுறை வந்துவிட்டது. பஞ்சாயத்துப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். நின்று இரண்டு முறை படித்தேன்.

ஒட்டிய வயல்களில் ஒருவர் எரிபொருள் ரகமும் ஒருவர் உணவு ரகமும் போட்டால், விதைப்பில் மூன்று வார இடைவெளி வேண்டும். அப்போதுதான் இரண்டும் ஒரே சமயத்தில் பூக்காது. யார் முதலில் என்று சொல்லவில்லை. பின்னால் விதைப்பவர்தான் இடைவெளிக்குப் பொறுப்பு, அவ்வளவுதான். கலந்துவிட்டால் பின்னால் விதைத்தவர் நஷ்டஈடு கட்ட வேண்டும். அவருடைய ஒப்பந்தமும் போகும்.

ஆக, முதலில் விதைப்பவருக்கு மண்ணின் ஈரம். பின்னால் விதைப்பவருக்குக் காய்ந்த மண்ணும் பழியும். இதை எழுதிய மகராசன் கூடப் பிறந்தவர்கள் யாரும் இல்லாதவனாக இருக்க வேண்டும்.

பக்கத்தில் தையல்காரரும் நின்று படித்தார். எங்களுக்குக் கிழக்குப் பக்கத்து நிலம் அவருடையது. கடையையும் பார்த்துக்கொண்டு சோளமும் போடுகிறார், எங்களைப் போல மாவு ஆலைக்கு. "எனக்கு நீங்கதான் பக்கம், உங்க தம்பி தூரம். பிழைச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நான் பிழைக்கவில்லை. மேற்குப் பக்கம் முழுக்கத் தம்பிதான்.

ஜூன் 16

கோபத்தில் சொன்னதுபோல நான் முதலில் விதைத்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார்த்தேன். அவன் மூன்று வாரம் காத்திருப்பான். ஈரம் போய்விடும். போன இரண்டு போகமும் அவனுக்குப் புழு தின்று தீர்த்தது. இந்த ஒப்பந்தம்தான் அவனுக்கு மிச்சம். அவன் காத்திருக்க முடியாமல் மூன்று வாரம் ஆகும் முன்பே விதைத்து, கலந்து, சட்டம் அவன்மேல் பாய்ந்தால்? ஊருக்கு முன்னால் அவனைக் குற்றவாளி ஆக்கியவள் அப்புறம் நிஜமாகவே ஆக்கியவளும் ஆவேன்.

வேண்டாம். அவன் விதைக்கட்டும். மூன்று வாரம் கழித்து நான் போடுகிறேன். விளைச்சல் குறையும், குறையட்டும்.

இதைப் போய் அவனிடம் சொல்லியிருக்கலாம். வரப்பு வரைக்கும் போனேன். அவன் மனைவி துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டாள். திரும்பி வந்துவிட்டேன்.

ஜூன் 24

முதல் மழை நன்றாகவே பெய்தது. தையல்காரர் விதைத்துவிட்டார். தம்பி விதைக்கவில்லை.

ஜூன் 27

இன்னும் விதைக்கவில்லை. ஏன்? உடம்பு சரியில்லையா? ட்ராக்டர் கெட்டுவிட்டதா? காலையில் ட்ராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தானே.

ஜூன் 30

தையல்காரர் ஒரு வெடியைக் கொளுத்திப் போட்டுவிட்டுப் போனார். "எரிபொருள் ஆலைக்காரங்க நிலத்தையே குத்தகைக்கு எடுக்குறாங்களாம்மா. உங்க தம்பி குடுக்கப் போறாரோ என்னவோ, விதைக்காம இருக்காரே."

அப்பா பிரித்துக் கொடுத்த நிலம். வரப்புக்கு அந்தப் பக்கம் ஆலை வந்தால் என்ன செய்வேன்? தம்பியோடாவது சண்டை போடலாம். ஆலையோடு யார் போடுவது? சின்ன வயதில் எனக்கு அவன் வைத்த பெயர் 'சைரன்'. எதுவும் நடக்கும் முன்னே நான் அலறுவேனாம். இப்போது அலறுகிறேன், கேட்கத்தான் அவன் இல்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்கிறார் என் வீட்டுக்காரர். இருக்கட்டும். பேய் ஒன்றாவது நிஜமாக இருந்தால்?

ஜூலை 4

இன்று அவனைப் பார்த்தேன். தன் வரப்பில் நின்றான். இடுப்பில் கை, முகம் எங்கோ, கண் மட்டும் எங்கள் வெறும் நிலத்தின்மேல். நான் பார்ப்பது தெரிந்ததும் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து உடைத்தான். நானும் வராத மாட்டை விரட்டுவதுபோலக் கையை வீசிவிட்டு உள்ளே வந்தேன்.

இரண்டு பேருக்கும் என்ன வயது? அய்யோ.

ஜூலை 8

"ஈரம் போகுது. நீ பயந்து முடிச்சதும் சொல்லு, விதைக்கலாம்" என்றார் இவர்.

"அவன் இன்னும் போடலையே" என்றேன்.

"அவன் போடாட்டி நாம பட்டினி கிடக்கணுமா?"

மாவு ஆலையிலிருந்தும் ஆள் விட்டுக் கேட்டுவிட்டார்கள், இந்த வருடம் சோளம் உண்டா இல்லையா என்று.

ஜூலை 11

பெரிய மழை. இதற்கு மேல் காத்திருந்தால் விதைக்கிற காலமே தாண்டிவிடும். தம்பி நிலத்தைக் குத்தகைக்குத்தான் விடப் போகிறான் என்று முடிவு கட்டிக்கொண்டேன். அழுதேன் கொஞ்சம். பிறகு விதை மூட்டையைப் பிரித்தேன்.

இவர் ட்ராக்டரில் விதைப்பெட்டியை மாட்டிக்கொண்டு இறங்கினார். நான் பின்னால் நடந்தேன். பாதி நிலம் முடிந்திருக்கும். எங்கள் ட்ராக்டர் சத்தத்துக்குள் இன்னொரு சத்தம். இவர் வண்டியை நிறுத்தினார். அது நிற்கவில்லை.

வரப்புக்கு அந்தப் பக்கம் தம்பி. அவனும் விதைத்துக்கொண்டிருந்தான். எங்களைப் பார்த்துவிட்டு அவனும் வண்டியை நிறுத்தினான். மண்ணில் ஊறிய ஈரம், விதைப்பெட்டி பாதி காலி. யார் பாதியில் விடுவது? இவர்தான் முதலில் கிளப்பினார். அவனும் கிளப்பினான்.

ஜூலை 12

ஒரே நாள், ஒரே மழை. சேர்ந்தே முளைக்கும், சேர்ந்தே பூக்கும். கடவுளே.

ஆகஸ்ட் 1

முழங்கால் உயரம். இரண்டு வயலும் ஒரே பச்சை. எது மாவுக்கு, எது எரிபொருளுக்கு என்று பார்த்தால் தெரியவே தெரியாது. அதுதான் என்னைப் பிடித்து ஆட்டுகிறது. களை என்றால் பிடுங்கலாம், புழு என்றால் மருந்தடிக்கலாம். இதை என்ன செய்வது?

ஆகஸ்ட் 13

செய்தியில் சொன்னார்கள்: பெட்ரோலில் எரிசாராயத்தின் கலப்பு அளவு கூட்டப்பட்டது. கூட்டங்களில் வந்த கருத்துகள் அனைத்தும் பரிசீலிக்கப்பட்டனவாம்.

ஆகஸ்ட் 29

சரியாகத் தூங்குவதில்லை. சாப்பாடும் இறங்கவில்லை. இவர் என்னை டாக்டரிடம் காட்ட வேண்டும் என்கிறார். டாக்டர் காற்றை நிறுத்துவாரா?

செப்டம்பர் 5

செடி உச்சியில் ஆண் பூ தலை நீட்ட ஆரம்பித்துவிட்டது. இன்னும் சில நாளில் அதிலிருந்து தூள் உதிரும். எங்கள் பக்கக் கதிர்களில் பட்டு இழை வரும் நேரமும் அதேதான். ஒரு இழைக்கு ஒரு தூள் போதும், ஒரு மணி அவன் மணி ஆகிவிடும்.

இன்று மேற்கே இருந்து காற்று. கதவைச் சாத்தினேன். பிறகு எனக்கே வெட்கமாக இருந்தது, கதவைச் சாத்தினால் வயலுக்கு என்ன.

செப்டம்பர் 7

கை எரிகிறது, இலை அறுத்திருக்கிறது. ஆனால் இன்று எழுதியே ஆக வேண்டும்.

காலையில் பல் விளக்கிக்கொண்டே மேற்கே பார்த்தேன். தம்பி வயலில் எங்கள் வரப்பை ஒட்டிய சாலெல்லாம் மொட்டையாக இருந்தது. ஆலையிலிருந்து வந்து ஏதோ செய்கிறார்கள் என்று நினைத்து ஓடினேன். சோளத்துக்குள் தம்பியும் அவன் மனைவியும். ஒவ்வொரு செடியாக வளைத்து, உச்சிப் பூவை ஒடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்னடா பண்ற?"

நிமிரவே இல்லை. "தெரியலையா? பூ ஒடிக்கிறேன்."

"ஆலைக்காரன் பார்த்தா? உன் கதிர்ல நொதி குறையுமே. எங்க பக்கத்துத் தூள் விழுந்து உன் சோளம் பாதி வேலைக்கு ஆகாதே."

"ஆகட்டும். உன்னோடது கெட்டா மாவு ஆலைக்காரன் உன்னை உள்ளேயே விடமாட்டான். என்னோடது கெட்டா எரிபொருள் ஆலைக்காரன் விலையைக் குறைப்பான். அவ்வளவுதானே."

என்னால் தாங்க முடியவில்லை. கத்திவிட்டேன். "அறிவு இருந்தா முதல்லயே விதைச்சிருக்கலாம்ல! மழை பேஞ்ச அன்னிக்கே போட்டிருந்தா நான் மூணு வாரம் கழிச்சுப் போட்டிருப்பேனே! உனக்காகத்தான்டா காத்துக்கிட்டு இருந்தேன்!"

அவன் கை நின்றது. மனைவியைப் பார்த்தான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நீ எனக்காகக் காத்திருந்தியா?" என்றான். "நீதானே முதல்ல விதைப்பேன்னு சொன்ன? சரி, அக்கா போடட்டும், பழி என் தலையில இருக்கட்டும்னு நான் உன் நிலத்தையே பார்த்துக்கிட்டு உக்கார்ந்திருந்தேன். நீ போடவே இல்லை. என்னாலதான் மாவு ஆலைக்காரன் உன்னைக் கழிச்சு விட்டுட்டான், இனி நீ போடமாட்டேன்னு நினைச்சு, பெரிய மழை வந்ததும் நான் இறங்கினேன். ராத்திரியெல்லாம் இவகிட்ட அதைத்தான் புலம்பினேன்."

"ஆமாக்கா, புலம்பித் தள்ளிட்டாரு" என்றாள் அவள்.

நான் சோளத்துக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பா அழுகையா தெரியவில்லை. ஒரு வார்த்தை. வரப்பைத் தாண்டி ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும்.

"எழுந்திரு சைரன்" என்றான். "காத்து வர்றதுக்குள்ள முடிக்கணும்."

இவரையும் கூப்பிட்டு வந்தேன். நால்வரும் சாயங்காலம் வரை ஒடித்தோம். "மச்சான், இந்த வேலைக்குக் கூலி உண்டா?" என்று இவர் கேட்க, "பூவை எடுத்துக்கோங்க மாமா" என்றான் தம்பி. எத்தனை நாளாயிற்று இந்தக் குரல்களை ஒன்றாகக் கேட்டு. ஆனால் நேற்றும் முந்தாநாளும் அடித்த காற்று? அதை யார் ஒடிப்பது?

செப்டம்பர் 8

முழு வயலும் முடிக்க முடியவில்லை. உள்பக்கத்துச் செடிகள் உதிர்க்க ஆரம்பித்துவிட்டன.

அக்டோபர் 14

கதிர் முற்றுகிறது. ஒரு கதிரை உரித்துப் பார்த்தேன். அழகான மஞ்சள். அழகைப் பார்த்தும் பயப்படுகிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

நவம்பர் 6

மாவு ஆலை. லோடு ஏற்றிய லாரியில் நானும் போனேன், போகாமல் வீட்டில் இருந்தால் செத்துவிடுவேன். தம்பி பைக்கில் பின்னாலேயே வந்தான். வரச் சொல்லவில்லை.

சோதனைக்காரப் பெண் நீளமான குழாயை விட்டு மணி எடுத்தாள், அரைத்தாள், தண்ணீர் ஊற்றிக் குலுக்கி அட்டையை வைத்தாள். ஒரு கோடு வந்தது. நான் மூச்சு விட்டேன். அவள் அட்டையை எடுக்கவில்லை. "கொஞ்சம் இருங்கக்கா" என்றாள். பிறகு, மெதுவாக, பென்சிலால் கிழித்தது போல ஒரு மெல்லிய கோடு. இல்லை என்று சொல்லிவிடலாம் போன்ற கோடு.

"இல்லைன்னு சொல்லும்மா" என்றேன். அவள் என் கையைப் பிடித்தாள். வேறு என்ன செய்வாள், அவளும் சம்பளத்துக்கு இருப்பவள்.

லாரி திரும்பியது.

நவம்பர் 10

விசாரணைக்கு அதிகாரி வந்தார். எங்கள் வீட்டு முன்அறையில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, ஒரே கேள்வி கேட்டார்: "ரெண்டு பேர்ல யார் பின்னால விதைச்சது?"

"நான்தான்" என்றேன்.

"நான்தான்" என்றான் தம்பி. ஒரே நேரத்தில்.

அதிகாரி டம்ளரைக் கீழே வைத்தார். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

தம்பி என் பக்கம் திரும்பினான். "அக்கா, பேசாம இரு. நான்னு எழுதினா நஷ்டஈடு உனக்கு வரும்."

"உன் ஒப்பந்தம் போயிடும்டா."

"போனா போகுது."

"நான் விடமாட்டேன். சார், நான்தான் பின்னால. பாதி நிலம் முடியும்போது அவன் வண்டி சத்தம் எனக்குக் கேட்டுச்சு, கேட்டும் பாதியில விடலை. எழுதுங்க."

"பொய் சார். நானும் விடலை."

அதிகாரி என் வீட்டுக்காரரைப் பார்த்தார். இவர் எதையும் சுற்றி வளைக்கத் தெரியாதவர். "ரெண்டும் ஒரே நாள் சார். ஒரே மழை" என்றார்.

விதியில் அதற்கு இடமில்லையாம். முன்னால் உண்டு, பின்னால் உண்டு, ஒன்றாக என்பது இல்லை. எனவே யாரும் குற்றவாளி இல்லை, யாருக்கும் நஷ்டஈடும் இல்லை. போகும்போது அதிகாரி, "இப்படி ஒரு கேஸ் நான் பார்த்ததில்லை. எல்லா ஊர்லயும் அடுத்தவரைத்தான் கை காட்டுவாங்க" என்றார். பாராட்டா, நக்கலா தெரியவில்லை.

நவம்பர் 13

திரும்பி வந்த சோளம் எங்கே போனது என்று எழுத மறந்துவிட்டேன். எரிபொருள் ஆலைக்கு. வேறு யார் வாங்குவார்கள்? கலப்புச் சோளம் என்று சொல்லி அடிமாட்டு விலை. தம்பிக்கும் நொதி குறைந்திருக்கிறது என்று பணம் பிடித்துக்கொண்டார்கள், ஆனால் ஒப்பந்தம் தப்பியது. யோசித்தால் வேடிக்கை. அவன் சோளம் சுத்தமில்லை, என் சோளம் சுத்தமில்லை, ஆலை மட்டும் இரண்டு பக்கமும் மலிவாக வாங்கிக்கொண்டது.

பிப்ரவரி 20

மாவு ஆலையின் பட்டியலில் எங்கள் பெயர் இல்லை. எதிர்பார்த்ததுதான். ஆனாலும் மேலிருந்து கீழ்வரை மறுபடி தேடினேன்.

மார்ச் 15

எரிபொருள் ஆலையில் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வேறு என்ன செய்ய? மாவு ஆலை வாங்காது. சந்தையில் தனியாக விற்றால் அறுத்த கூலி தேறாது. தம்பியும் நானும் ஒரே ரகம் போட்டால் எங்களுக்குள் வரப்பு இருந்தாலும் பயம் இல்லை. கூட்டத்தில் எனக்குக் கைதட்டியவர்களை எண்ணிப் பார்க்கிறேன். அவர்களிலும் பாதிப் பேர் வரிசையில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ஜூன் 22

முதல் மழை. தம்பி விதைத்துவிட்டான், ஆணி டப்பாவும் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. விதை மூட்டை எனக்கும் வந்து இறங்கியிருக்கிறது.

ஜூன் 25

தையல்காரர் இன்னும் விதைக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில் எரிபொருள் சோளம் போடப் போகிறவள் இப்போது நான்.

ஜூன் 28

காலையில் கிழக்கு வரப்பில் அவர் நின்றிருந்தார். இடுப்பில் கை. முகம் எங்கோ, கண் மட்டும் என் நிலத்தின்மேல். நான் பார்த்ததும் குனிந்து ஒரு புல்லைப் பிடுங்கினார்.

எனக்கு அந்த நிற்பு தெரியும். வேகமாகப் போனேன்.

"அண்ணே, நீங்க முதல்ல விதைங்க. நான் மூணு வாரம் கழிச்சுத்தான் போடுவேன். சத்தியம்."

"இல்லம்மா, நீங்க போடுங்க. நான் மெதுவா…"

"அப்படிப் பேசாதீங்க. மெதுவான்னா எப்போ? வாயைத் திறந்து ஒரு நாள் சொல்லுங்க."

அவர் வானத்தைப் பார்த்தார். பிறகு, "பயமா இருக்கும்மா" என்றார்.

"எதுக்குண்ணே பயம்? அதான் நான் சொல்றேன்ல?"

"போன வருஷமும் காத்திருந்தீங்க, பெரிய மழை வந்ததும் போட்டுட்டீங்களேம்மா" என்றார். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 30

மேற்கே மேகம் கட்டுகிறது. விதை மூட்டையைப் பிரிக்காமல் வைத்திருக்கிறேன். நேற்றும் போய்ச் சொல்லிவிட்டு வந்தேன், இன்றும் சொன்னேன். தலையை ஆட்டுகிறார். அவர் நிலம் இன்னும் வெறுமையாகத்தான் கிடக்கிறது.